கன்னியம்மாளின் காவிக் கோழிகள்

எத்தனை முறை எண்ணினாலும் மூன்றுதான் வந்தது.

கன்னியம்மாள் நின்று எண்ணிப் பார்த்தாள். குனிந்து எண்ணிப் பார்த்தாள். தவிட்டைப் பிசைந்து வைத்து, "பா... பா... பா..." என்று கூப்பிட்டு எண்ணிப் பார்த்தாள். இரண்டு கோழிகள் ஓடி வந்தன. மூன்றாவது அடையில் உட்கார்ந்திருந்ததால் வரவில்லை. அவ்வளவுதான் கணக்கு. அரசாங்கம் கொடுத்ததோ பத்துப் பெட்டை, ஒரு சேவல்.

"நல்லா எண்ணிப் பார்த்தியா மே?" என்று கேட்டான் அவள் புருஷன் வேடியப்பன். மண்டியில் மூட்டை தூக்கிவிட்டு அப்போதுதான் வந்து, தோள் துண்டால் முதுகுத் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"நீ வந்து எண்ணுயா. உன் கண்ணுக்கு ஏதாவது ஜாஸ்தி தெரியுதானு பார்ப்போம்."

மத்தியானம் வந்த சேதியால்தான் இந்த எண்ணிக்கை. ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிற வேணு, சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றிச் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"யக்கா, நாளைக்கு காலையில பத்து மணிக்கு ஜீப்பு வருது. ஆபீசர் வீடு வீடா பார்க்கப் போறாராம். லிஸ்டுல உன் பேரு கீது. வேலைக்குப் போயிடாதே."

"எதுக்குடா வராங்க?"

"எனக்கு இன்னா தெரியும்? பேருதான் எழுதியிருக்குது. எதுக்குனு எழுதல. வீட்டாண்ட இருக்கச் சொன்னாங்க, சொல்லிட்டேன்."

அவன் சொல்லாததைக் கன்னியம்மாளின் வயிறு சொன்னது. கோழிதான். வேறென்ன?

எட்டு மாதத்துக்கு முன்னால் பக்கத்து ஊரான வேங்கிக்காலில் பந்தல் போட்டு, மூங்கில் கூடையில் வைத்துக் கோழி கொடுத்தார்கள். ஒரு அம்மா மைக்கில் முக்கால் மணி நேரம் பேசினார். தீவனம், தடுப்பூசி, சுத்தம், சுகாதாரம் எல்லாம் சொன்னார். கன்னியம்மாள் எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு, கடைசியாகச் சொன்ன ஒன்றை மட்டும் பத்திரமாக வீட்டுக்கு எடுத்து வந்தாள். நல்லபடியாகக் கோழி வளர்ப்பவர்களுக்கு அடுத்ததாகக் கறவை மாடு.

பதினெட்டு வருஷமாக அவள் சித்தாள். வேங்கிக்காலில் எழும்பிய புது வீடுகளில் பாதிக்கு அவள் தலை வழியாகத்தான் ஜல்லியும் சிமெண்டும் மேலே போயிருக்கின்றன. இப்போது கழுத்து ஒரு பக்கம்தான் திரும்புகிறது. யாராவது இடது பக்கமிருந்து கூப்பிட்டால் ஆளையே திருப்பித்தான் பார்க்க வேண்டும். மாடு வந்துவிட்டால் தலையிலிருந்து சிமெண்டுப் பாண்டை இறக்கிவிடலாம். காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பாலை ஊற்றிவிட்டு வீட்டோடு இருக்கலாம். மாட்டுக்கு லட்சுமி என்று பெயரும் வைத்துவிட்டாள். அதை எங்கே கட்டுவது என்பதில் புருஷனோடு இரண்டு முறை சண்டையும் போட்டாகிவிட்டது.

ஆனால் கோழிகள் ஒத்துழைக்கவில்லை. நாலு வெள்ளைக்கழிச்சல் நோயில் ஒரே வாரத்தில் தலையைத் தொங்கப்போட்டன. இரண்டைக் கீரி கொண்டுபோனது. சேவல் ஆடி மாதம் அம்மனுக்குப் போனது. எட்டாவதையும் கீரிதான் கொண்டுபோனது என்று வேடியப்பன் சொன்னான். அன்றைக்குக் கன்னியம்மாள் வேலைக்குப் போயிருந்தாள். அவனுடைய தங்கச்சி புருஷன் வீட்டுக்கு வந்திருந்தான். சாயந்திரம் வந்து பார்த்தபோது அம்மியில் மிளகு வாசனை அடித்தது. அந்தக் கீரிக்கு மசாலா அரைக்கத் தெரிந்திருந்தது.

"இப்ப என்னா பண்றது?" என்றாள்.

"கடன் வாங்கு. கல்யாணத்துக்கு நகை இரவல் வாங்கறதில்லையா? காட்டிட்டுக் குடுத்துடலாம்."

வேடியப்பன் வாயிலிருந்து யோசனை என்று ஒன்று வந்தால் அதற்குப் பயப்பட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் கண்ணுக்கு முன்னால் லட்சுமி நின்றுகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுச் சரசுவிடம் போனாள்.

"மாடு வந்தா தினம் அரை லிட்டர் பாலு எனக்கு" என்றாள் சரசு.

"மாடு வரட்டும்டி மொதல்ல."

"பாலைச் சொல்லு மொதல்ல."

சரசு நாலு பெட்டையும் ஒரு சேவலும் கொடுத்தாள். எதிர்வீட்டு வெள்ளையம்மாள் மூன்று பெட்டை கொடுத்தாள். ஆளுக்கு ரெண்டாகக் கால் கட்டித் தலைகீழாகத் தூக்கி வந்து எல்லாவற்றையும் கக்கூஸில் விட்டார்கள்.

கக்கூஸ்தான் கோழிக்கூண்டு. இவர்கள் வீடு கூரை வீடு. மழை வந்தால் குண்டான் வைக்க இடம் தேட வேண்டும். அதே வீட்டுக்குப் பின்னால் கவர்மெண்டு கட்டிக்கொடுத்த கக்கூஸுக்கு சிமெண்டுச் சுவர், ஓட்டை இல்லாத கூரை, தாழ்ப்பாளோடு தகரக் கதவு. இவ்வளவு நல்ல இடத்தில் போய் யாராவது அந்தக் காரியத்தைச் செய்வார்களா? அதற்கு ஏரிப் பக்கம் இருக்கிறது. கீரிக்குத் தாழ்ப்பாள் திறக்கத் தெரியாது என்பதால் கோழியை உள்ளே விட்டார்கள். அந்த ஊரில் பாதி வீட்டில் இதே ஏற்பாடுதான். பேசின் இருக்கிறதே, அது அடைக்கோழிக்கென்றே அளவெடுத்து வார்த்தது போல இருந்தது. கன்னியம்மாள் அதில் மணலைக் கொட்டி, வைக்கோல் பரப்பி, பதின்மூன்று முட்டை வைத்து, இடிச் சத்தத்துக்கு முட்டை கெட்டுப்போகாமல் இருக்க ஒரு கரித்துண்டும் இரும்பு ஆணியும் செருகியிருந்தாள். அடைக்கோழி அதில் தாசில்தார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

பதினொன்றும் உள்ளே போனதும் கதவைத் திறந்து பார்த்த கன்னியம்மாளுக்கு அடுத்த இடி விழுந்தது.

"யோவ், கலரைப் பாருயா!"

கவர்மெண்டு கோழி எல்லாம் ஒரே செம்பு நிறம். இரவல் வந்தவையோ ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு, இரண்டு புள்ளி, மற்றவை சாம்பலும் மஞ்சளும். அதிலும் வெள்ளையம்மாள் கொடுத்தவற்றில் ஒன்று கழுத்தில் ஒரு இறகு கூட இல்லாத மொட்டைக் கழுத்துக் கோழி. நீரில் நனைந்த வக்கீல் மாதிரி நின்றது.

"குருட்டு ஆபீசர் கூட கண்டுபிடிச்சிடுவான்" என்றாள்.

வேடியப்பன் தாடையைச் சொறிந்தான். அப்படிச் சொறிந்தால் இன்னொரு யோசனை வருகிறது என்று அர்த்தம்.

"காவி" என்றான்.

"என்னாது?"

"சாமியாருங்க வேட்டி முக்கறாங்களே, அந்தக் காவிப்பொடி. கிரிவலப் பாதையில கடைக்குக் கடை விக்குது. தண்ணியில கரைச்சி ஒரு முக்கு முக்கினா செம்பாயிடும்."

வேணுவின் சைக்கிளை வாங்கிக்கொண்டு போய் நாலு பொட்டலம் வாங்கி வந்தான். பொழுது சாய்வதற்குள் வேலை நடந்தது. அவன் முக்கினான், அவள் துடைத்தாள். வெள்ளைக் கோழி நன்றாகப் பிடித்தது; பழுத்த பப்பாளி நிறத்தில் எழுந்து வந்தது. புள்ளிக் கோழிகளுக்கு இரண்டு முக்கு. கறுப்புக் கோழி மூன்று முக்குக்கும் அசையவில்லை. நாலாவது முக்கில் வேடியப்பனின் கையைக் கொத்திவிட்டு, துருப்பிடித்த இரும்பு நிறத்துக்கு இறங்கி வந்தது. மொட்டைக் கழுத்துக்குக் கழுத்தில் தனியாகப் பூசினார்கள்.

முடித்துப் பார்த்தால் வேறு கோளாறு. இரவல் கோழிகள் எல்லாம் ஒரே நிறமாகிவிட்டன. சொந்தக் கோழிகள்தான் இப்போது வேறு கூட்டத்துக் கோழிகள் மாதிரி தெரிந்தன.

"அதுங்களையும் முக்கு" என்றாள் கன்னியம்மாள், வேறு வழியில்லாமல்.

அடைக்கோழிக்கு உட்கார்ந்த இடத்திலேயே துணியில் தொட்டுப் பூசினார்கள். மறுநாள் காலையில் கதவைத் திறந்தபோது, அடைக்கோழியைத் தவிர, ஈரம் காய்ந்த பத்து உருப்படிகளும் வரிசையாக வெளியே வந்து மலையைப் பார்த்துக் கழுத்தை நீட்டி நின்றன. பௌர்ணமிக்குக் கிரிவலம் கிளம்பிய சாமியார்க் கூட்டம் தோற்றது.

"அடையோட பதினொண்ணு!" என்று கையைத் தட்டினான் வேடியப்பன். கை, முழங்கை, பனியன், மீசையில் பாதி எல்லாம் காவி. "வரட்டும் ஆபீசரு."

ஆபீசருக்கு முன்னால் சரசு வந்தாள். பஸ் நிறுத்தத்துப் பக்கமிருந்து ஓட்டமாக ஓடி வந்தாள்.

"ஏண்டி கன்னிம்மா, மோசம் போச்சுடி! அந்த ஜீப்பு மேலத்தெருவுல நிக்குது. வீடு வீடா போயி கக்கூஸைத் தொறந்து தொறந்து பார்க்கறாருடி! நான் என் கண்ணால பார்த்தேன். ஒரு வீட்ல கக்கூஸைத் தொறந்து பார்த்துட்டு அப்டியே தலையில அடிச்சிக்கினாரு!"

"கக்கூஸையா? உள்ளே என்னா இருந்துச்சி?"

"வெறும் வெறகு அடுக்கியிருந்தாங்க."

கன்னியம்மாள் கணக்குப் போட்டாள். விறகு வைத்ததற்கே தலையில் அடித்துக்கொள்கிறவர், பேசினில் முட்டை இருப்பதைப் பார்த்தால் என்ன செய்வார்? ஜெயிலில் போடுவாரோ என்னவோ. மாடு எங்கேயிருந்து வரும்? அரசாங்கம் கொடுத்த ஒன்றை இப்படி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்றை எவன் கொடுப்பான்?

"யோவ், கோழிக்கு வரலயாம்யா! கக்கூஸுக்கு வராங்களாம்! சரசு, உன் கோழியெல்லாம் புடிச்சிக்கினு போடி, சீக்கிரம்!"

அப்போதுதான் சரசு கோழிகளைப் பார்த்தாள். பார்த்தவள் வாயில் கை வைத்தாள்.

"அடிப்பாவி... இதுல என்னுது எதுடி?"

சத்தம் கேட்டு வெள்ளையம்மாளும் வந்துவிட்டாள். மொட்டைக் கழுத்தை மட்டும் எந்தச் சிக்கலும் இல்லாமல் அடையாளம் கண்டாள். மற்றவற்றில் ஒரு கோழியின் ஒரு இறக்கையை அவளும் மறு இறக்கையைச் சரசுவும் பிடித்துக்கொண்டார்கள்.

"நடையைப் பார்த்தா தெரியல? இது என் கோழிடி."

"உன் கோழி எங்க நடந்துச்சி? அது நொண்டறது ஊருக்கே தெரியும்."

"யாரைப் பார்த்து நொண்டின்னே?"

"கோழியைத்தான் சொன்னேன், உனக்கு ஏன் வலிக்குது?"

கோழி இரண்டு பேரையும் மாறி மாறிக் கொத்தியது. தெருமுனை முதல் வீட்டில் ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

"அப்பறமா சண்டை போடுங்கடி, தாயிங்களா!" என்று கும்பிட்டு இருவரையும் தள்ளிக்கொண்டு போய் அவரவர் வீட்டில் விட்டுவிட்டு வந்தாள் கன்னியம்மாள். பிறகு நடந்ததெல்லாம் தீப்பிடித்த வீட்டில் நடப்பது போல நடந்தது. கையில் சிக்கிய கோழியை எல்லாம் வீட்டுக்குள் தூக்கிப் போட்டார்கள். நாலைக் கூடையில் கவிழ்த்தார்கள். ஐந்தைப் போர்வையில் சுற்றினார்கள். சேவலை டிரங்குப் பெட்டியில் வைத்து, மூச்சுவிட மூடியின் இடுக்கில் ஒரு செருப்பைச் செருகினார்கள். அடைக்கோழியை முட்டையோடு சோற்று அண்டாவுக்கு மாற்றினார்கள். மாற்றும்போது அது கன்னியம்மாளின் மூக்கைக் குறிபார்த்துக் கொத்தியது.

கக்கூஸைச் சுரண்டுவதற்குச் சித்தாள் வேலைக் கரண்டி உதவியது. எட்டுக் குடம் தண்ணீர் ஊற்றினாள். பேசினுக்கு அடியில் வெள்ளை நிறம் இருப்பது அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது. ஒரு பக்கெட், ஒரு சொம்பு, காகிதம் பிரிக்காத புதுச் சோப்பு ஒன்று எல்லாம் வைத்தாள்.

வேடியப்பன் தாடையைச் சொறிந்தான்.

"வேணாம்யா" என்றாள் அவள்.

"கேளு மே. காலியா இருந்தா, இன்னிக்குத்தான் கழுவினாங்கனு தெரிஞ்சிடும். உள்ள ஆள் இருந்தா யாரு கேப்பான்?"

சொல்லிவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். அந்தக் கட்டடம் எழும்பி மூன்று வருஷத்தில் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட முதல் மனுஷன் அவன்தான்.

ஜீப்பிலிருந்து இறங்கிய ஆபீசர் ஒல்லியான ஆள், சின்ன வயசு. சட்டையில் முழங்கை வரை புழுதி. முகம் வாடியிருந்தது. கையிலிருந்த காகிதத்தைப் பார்த்து, "கன்னியம்மாள் நீங்கதானே? பின்னாடி போய்ப் பார்க்கலாமா?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் நேராகக் கக்கூஸுக்குப் போய்க் கதவைத் தட்டினார்.

"உள்ள ஆளு!" என்று பட்டாளத்துக்காரன் மாதிரி கத்தினான் வேடியப்பன்.

ஆபீசர் இரண்டு அடி பின்னால் வந்தார். "நிஜமாவே ஆளா?"

"ஆளுதாங்க சார். எங்க வீட்டுக்காரரு. நாங்க தினமும் இதுலதாங்க சார். ஏரிப் பக்கம் எந்தப் பக்கம்னே எங்களுக்குத் தெரியாது."

ஆபீசரின் முகம் இன்னும் கொஞ்சம் வாடியது. பிடிபடவில்லை என்று ஏமாற்றம் போலிருக்கிறது என்று கன்னியம்மாள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

"சரிம்மா. அப்ப கோழியெல்லாம் எங்க?"

இங்கேதான் அவள் உஷாரானாள். கோழி இருக்கிறது என்று சொன்னால் அடுத்த கேள்வி எங்கே அடைக்கிறாய் என்றுதான் வரும். வீட்டைப் பார்த்தாலே தெரியும், அடைக்க வேறு இடம் இல்லை என்று. மேலத்தெருவில் இப்படிக் கேட்டுத்தான் எல்லாரையும் மாட்டியிருப்பார்.

"கோழியாங்க? கோழியே இல்லீங்க சார்."

"குடுத்தாங்களேம்மா, பதினொண்ணு?"

"எல்லாம் போயிடுச்சிங்க. சீக்கு வந்து போயிடுச்சிங்க."

"பதினொண்ணுமேவா? ஒண்ணு ரெண்டு தப்பிச்சிருக்குமே?"

"தப்பிச்சதைக் கீரி பார்த்துக்கிச்சிங்க."

ஆபீசர் குனிந்து தரையிலிருந்து ஒரு இறகை எடுத்தார். காவி நிறத்தில் பளபளத்தது. "இது?"

"அது... கிரிவலம் போற சாமியாருங்க யாராச்சும்..."

"சாமியாருக்கு ஏதும்மா இறகு?"

அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள்ளிருந்து, டிரங்குப் பெட்டிக்குள்ளிருந்து, நீளமாக ஒரு கூவல் எழுந்தது. ஆபீசரின் கண்கள் விரிந்தன. "அதோ! அது உங்க சேவல்தானே?"

"எங்க வீட்டுக்காரருக்கு இருமலுங்க சார். இருமினா அப்படித்தான்."

கக்கூஸுக்குள்ளிருந்து வேடியப்பன் கடமை தவறாமல் இருமினான்.

"இருமல் இந்தப் பக்கம் வருது, கூவறது அந்தப் பக்கம் வருது" என்றார் ஆபீசர். பிறகு குரலைத் தாழ்த்தி, கிட்டத்தட்டக் கெஞ்சுகிற மாதிரி கேட்டார். "பயப்படாம சொல்லும்மா. அது உங்க கோழியா இருந்தா ஆமானு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. ஒண்ணே ஒண்ணு போதும்."

என்ன நைச்சியம், என்ன நைச்சியம்! இதில் மயங்கித்தான் மேலத்தெரு விழுந்திருக்கிறது. பதினெட்டு வருஷம் மேஸ்திரிகளைப் பார்த்தவள் கன்னியம்மாள். ஆளையே திருப்பி, ஆபீசரை நேருக்கு நேர் பார்த்தாள்.

"பக்கத்து வீட்டு சேவலுங்க சார் அது. எங்க வீட்ல கோழி இல்ல, குஞ்சு இல்ல, ஒரு முட்டை கூட இல்ல. எங்க குலசாமி மேல சத்தியம்!"

ஆபீசர் அவளைப் பார்த்தார். வீட்டைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பெருமூச்சு விட்டுவிட்டு, காகிதத்தில் ஒரு பெயரின் மேல் கோடு கிழித்தார். போய் ஜீப்பில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

கன்னியம்மாளுக்கு மலையையே தலையிலிருந்து இறக்கி வைத்தது போல இருந்தது. கக்கூஸ் கதவைத் தட்டி, "வாயா வெளிய, ஜெயிச்சிட்டோம்!" என்றாள். வேடியப்பன் வெளியே வந்து, காவி மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டான். வீட்டுக்குள் கோழிகள் போர்வையோடு சேர்ந்து உருண்டுகொண்டிருந்தன.

டிரைவர் நரைத்த தலைக்காரர், பெயர் காசி. ஜீப்பில் ஏறுவதற்கு முன்னால் குடிக்கத் தண்ணீர் கேட்டார். கன்னியம்மாள் சந்தோஷத்தில் சொம்பை விளக்கி, குளிர்ந்த தண்ணீராகப் பானையிலிருந்து மொண்டு கொடுத்தாள்.

"பாவம், உங்க சாருக்கு ரொம்ப அலைச்சல் போல" என்றாள் பெரிய மனசோடு.

காசி தண்ணீரைக் குடித்து முடித்து, சொம்பைத் திருப்பிக் கொடுத்து, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"பின்ன இன்னாம்மா, குடுத்த கோழியில ஒண்ணே ஒண்ணாச்சும் உசுரோட வெச்சிருக்கற வீட்டுக்கு மாட்டை எழுதிடலாம்னு காலையிலயிருந்து ஒவ்வொரு வீட்டுக் கக்கூஸா தொறந்து பார்த்துக்கினு வராரு, உன் பேருதான் லிஸ்டுல கடைசி!"